ஒரே நிலா, இரண்டு விரதம்

2023 நவம்பர் 1, தேய்பிறைச் சதுர்த்தி. டெல்லி புசா ரோட்டில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்கள் கர்வா சௌத் விரதத்துக்காகச் சல்லடையோடு மாடியேறிவிட்டார்கள். எங்கள் வீட்டில் சங்கடஹர சதுர்த்தி, கொழுக்கட்டை ஆறிக்கொண்டிருந்தது. காத்திருந்தது ஒரே நிலாவுக்கு.

சூரியனிலிருந்து நிலா 12 பாகை விலகினால் ஒரு திதி. அதனால்தான் பௌர்ணமியன்று அந்தியில் எழும் நிலா, பிறகு நாளுக்கு நாள் பிந்துகிறது; சராசரியாக 50 நிமிடம்.

டெல்லியில் எட்டேகால் வாக்கில் உதித்தது. சென்னையில் அம்மா இன்னும் அரை மணி நேரம் பசியோடிருந்தாள். சென்னை கிழக்கே இருக்கிறதே, அங்கேதானே முதலில் தெரிய வேண்டும்? அன்று நிலா வான நடுக்கோட்டுக்கு வெகு வடக்கே இருந்தது. அப்படிப்பட்ட நிலா வடக்கூர்களில் முன்னதாகவே எழும். ஜூனில் சென்னைக்கு முன்பே டெல்லியில் விடிகிறதே, அதே கணக்கு.