வெளியூரிலிருந்து வீட்டுக் கணினி

வீட்டிலேயே டி.டி.பி. வேலை செய்து பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்கள் அமைத்துக் கொடுக்கும் ஒருவருக்கு அவருடைய மேஜைக் கணினிதான் தொழிற்கூடம். பழைய பேஜ்மேக்கரும், யூனிகோடு பரவுவதற்கு முன்னால் வாங்கிய தமிழ் எழுத்துருக்களும், வருஷக்கணக்காகச் சேர்ந்த கோப்புகளும் அதில்தான் குடியிருக்கின்றன. அவர் ஒரு கல்யாணத்துக்காகவோ வைத்தியத்துக்காகவோ வெளியூர் போயிருக்கும் சமயம் பார்த்து, ஐந்தாம் ஃபாரத்தில் ஒரு பத்தி விட்டுப்போயிற்று, மாலைக்குள் திருத்தித் தர வேண்டும் என்று பதிப்பகத்திலிருந்து தகவல் வருமானால், கோப்பைப் பென் டிரைவில் கையோடு எடுத்துப்போயிருந்தும் பிரயோஜனம் இல்லை. மடிக்கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் விசித்திரக் குறிகளுமாகவே தோன்றும். அவருக்குத் தேவைப்படுவது அந்தக் கோப்பு அன்று, அந்தக் கணினியே.

ரிமோட் டெஸ்க்டாப் என்று வழங்கப்படும் மென்பொருள்கள் இந்தத் தேவைக்காகவே பிறந்தவை. நிரல் ஓடுவது வீட்டில். எழுத்துரு இருப்பதும் வீட்டில். திரையின் சித்திரம் மாத்திரம் நம்மை நாடி வருகிறது, நாம் தட்டும் விசையும் நகர்த்தும் மௌஸும் அங்கே போய்ச் சேருகின்றன. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பவர்களே அதிகம். ஆனால் இந்தத் தேர்வை முக்கியமாக நிர்ணயிப்பது மென்பொருளின் குணாதிசயங்களைக் காட்டிலும் வீட்டிலுள்ள கணினியின் நிலைமையும், அதற்கு வந்துசேரும் இணைய இணைப்பின் தன்மையுமே ஆகும்.

இந்த வித்தையில் இரண்டு பரம்பரைகள் உண்டு. ஒன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆராய்ச்சிக் கூடத்தில் 1990களில் உருவான வி.என்.சி.; திரையில் எந்தச் சதுரம் மாறியதோ அந்தச் சதுரத்தின் புள்ளிகளை அப்படியே அனுப்பிவிடும் எளிய முறை அது. அந்த எளிமையாலேயே விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற பேதமின்றி எங்கும் பரவிற்று. மற்றொன்று மைக்ரோசாப்ட்டின் ஆர்.டி.பி.; 1998இல் பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்காக வெளிவந்து, 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியின் புரொஃபஷனல் பதிப்பு வழியாகச் சாமானியர் மேஜைக்கும் வந்தது. படத்தை அனுப்புவதோடு நில்லாமல், அங்கே வெட்டியதை இங்கே ஒட்டவும், அங்குள்ள பக்கத்தை இங்குள்ள பிரிண்டரில் அச்சிடவும் அது இடம் கொடுக்கிறது. எழுத்துகள் தெளிவாக விழுவதால், பக்க அமைப்பு வேலைக்கு என் அபிப்பிராயத்தில் இதுவே உத்தமம்.

ஆனால் ஒரு தடை. கடையில் வாங்கும் கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸின் ஹோம் பதிப்புதான் இருக்கும். அதிலிருந்து வேறொரு கணினிக்குள் ஆர்.டி.பி. மூலம் நுழையலாமே தவிர, வெளியிலிருந்து அதனுள் நுழைய முடியாது. அதற்குப் புரோ பதிப்பு அவசியம். ஆகையால் எந்த விளம்பரத்தையும் வாசிப்பதற்கு முன் செட்டிங்ஸில் "அபவுட்" பக்கத்தைத் திறந்து பார்ப்பது நலம்; அங்கே ஹோம் என்றிருந்தால் பாதித் தேர்வு அப்போதே முடிந்துவிடும்.

வேறொரு வித்தியாசமும் கவனிக்கத்தக்கது. ஆர்.டி.பி. வழியாக உள்ளே போனதும் வீட்டுத் திரை பூட்டிக்கொள்ளும். கூடத்தில் இருப்பவர்களுக்கு நாம் செய்வது ஒன்றும் தெரியாது. மற்ற மென்பொருள்களிலோ, தனியாக ஏற்பாடு செய்தாலொழிய, ஆளில்லாத மேஜையில் மௌஸ் அம்பு தானாக ஊர்ந்து கோப்புகளைத் திறப்பதையும், நாம் தட்டும் கடிதம் எழுத்தெழுத்தாக வளர்வதையும் வீட்டிலுள்ள எல்லோரும் பார்க்கலாம். வாடிக்கையாளரின் வரவு செலவுக் கணக்கைக் கையாளுபவருக்கு இது அற்ப விஷயம் அல்ல.

இனி, வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிற வழி. ரூட்டரில் ஆர்.டி.பி.க்குரிய 3389 என்ற போர்ட்டை, அதாவது நுழைவாயிலை, உலகத்துக்குத் திறந்து வைத்துவிட்டால் எங்கிருந்தும் நுழையலாம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாம் நுழையலாம், நம்மோடு எவரும் நுழையப் பார்க்கலாம். அந்தப் போர்ட்டைத் தேடி இரவு பகலாக இணையத்தைத் துழாவி, பாஸ்வேர்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் இயங்குகின்றன. ஆர்.டி.பி.யில் 2019 மே மாதத்தில் வெளிப்பட்ட புளூகீப் என்ற ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புக இடம் தந்தது. அதன் கடுமையை உத்தேசித்து, 2014ஆம் ஆண்டிலேயே ஆதரவை நிறுத்தியிருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது. தவிர, நம் நாட்டு இணைய நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு வீடு வந்து சேராமற் போவது சகஜம்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் உள்ளன. புரோ பதிப்பு வைத்திருப்பவர், வயர்கார்டு என்ற மறையாக்க முறையின் மேல் அமைந்த டெயில்ஸ்கேல் போன்ற தனி வலைப்பின்னலை இரு கணினிகளிலும் நிறுவிவிட்டால், அவ்விரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுபோல ஒன்றையொன்று கண்டுகொள்ளும். எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. சொந்த உபயோகத்துக்குக் கட்டணமும் இல்லை.

ஹோம் பதிப்புக்காரருக்கு உகந்தது, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப்போல நடுவில் ஒரு நிறுவனம் நின்று இரு முனைகளையும் இணைத்துவைக்கும் முறை. ஜெர்மனியில் பிறந்த டீம்வியூவரும் எனிடெஸ்க்கும், கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பும் இவ்வகையின. முதல் இரண்டும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம். தொழிலுக்குப் பயன்படுகிறது என்ற சந்தேகம் தட்டினால் இணைப்பைத் துண்டித்துவிடும். குரோமில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு கூகுள் கணக்கும் 6 இலக்க எண்ணும் போதும். வசதிகள் கொஞ்சந்தான் என்றாலும் திருத்த வேலைக்கு அது தாராளம். நடுவில் நிற்பவரை நம்புவதில் உள்ள அபாயத்தையும் மறைக்க வேண்டியதில்லை: இதே வகையைச் சேர்ந்த லாக்மீஇன் நிறுவனம் 2014 ஜனவரியில் தன் இலவசச் சேவையைத் திடீரென நிறுத்தியது, 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் தன்னுடைய சர்வர்களுக்குள்ளேயே அந்நியர் புகுந்ததைத் தெரிவித்தது. எவரையும் நம்ப மனமில்லாதவர்கள், மூல நிரல் பகிரங்கமாக உள்ள ரஸ்ட்டெஸ்க்கை எடுத்துக்கொண்டு, நடுவில் நிற்கும் சர்வரையும் தாமே நடத்தலாம். அதற்குப் பொறுமை வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கென்று ஒரு விசேஷச் சங்கடம் உண்டு. ஆர்.டி.பி. சாதாரணமாக எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதையே அனுப்புகிறது. ஆகவே கையிலுள்ள மடிக்கணினியை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, வீட்டுக் கணினியில் தமிழ்99 விசைப்பலகையை இயக்கினால் எல்லாம் ஒழுங்காக வரும். இரு பக்கமும் தமிழை இயக்கினால் குழப்பந்தான். கைப்பேசியின் தொடுதிரையில் தமிழ் தட்டினாலோ யூனிகோடு எழுத்தே போகும். பழைய எழுத்துருவில் அமைந்த பேஜ்மேக்கர் பக்கத்தில் அது வெறும் கேள்விக்குறிகளாகப் போய் விழும்.

தூரத்தை எந்த மென்பொருளாலும் ஜயிக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. லண்டனில் அமர்ந்து சென்னைக் கணினியில் ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் தெரிவதற்கு 80 மில்லிவிநாடியாவது கழிந்தாக வேண்டும். தட்டச்சுக்கு அது பொறுக்கக்கூடியதே. படத்தை மயிரிழை நகர்த்தும் வேலைக்குப் பொறுக்காது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மேற்சொன்ன மென்பொருள்களில் எதையேனும், தாமாகப் போனில் அழைத்து உதவி செய்வதாகக் கூறும் எவரேனும் இறக்கச் சொன்னால் அந்த க்ஷணமே போனை வைத்துவிட வேண்டும். எனிடெஸ்க்கைக் கொண்டு வங்கிக் கணக்குகளைத் துடைக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது.

உறங்கும் கணினி அழைப்புக்கு விடை சொல்லாது. ஆகவே அது தானாக உறங்காதபடி அமைத்து, ரூட்டரையும் சேர்த்து யுபிஎஸ்ஸில் மாட்டி, மின்சாரம் போய்த் திரும்பினால் தானே எழுந்துகொள்ளுமாறு பயாஸிலும் மாற்றிவைக்க வேண்டும். பிறகு ஊருக்குக் கிளம்புமுன், வீட்டு வைஃபையை விட்டுவிட்டுக் கைப்பேசி டேட்டாவில் பரீட்சை செய்ய வேண்டும். ஒரே வைஃபைக்குள் தப்பான ஏற்பாடும் சரியாக ஓடுவதுபோலத் தோன்றும். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, எவரும் பாஸ்வேர்டு இடாத நிலையில் வெளியிலிருந்து நுழைய முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். டெயில்ஸ்கேல் விண்டோஸில் ஆள் உள்ளே நுழைந்த பின்பே இயங்கத் தொடங்கும் வழக்கமுடையது. ஆளில்லாமலும் இயங்கு என்று அதன் மெனுவில் ஒரு குறியிட்டால்தான் நள்ளிரவு மின்வெட்டுக்குப் பிறகும் அந்த டி.டி.பி.க்காரர் தம் ஐந்தாம் ஃபாரத்தைத் திறக்க முடியும்.