அடுப்பை அறிந்து சட்டி கொடுங்கள்

பரிசுப் பொருள்களில் சமையல் பாத்திரம் சற்றே வில்லங்கமானது. பிடிக்காத புத்தகத்தை அலமாரியில் செருகிவிடலாம். பொருந்தாத சட்டையை மடித்து வைத்துவிடலாம். பாத்திரமோ இன்னொருவர் ஆளும் அடுப்படிக்குள் நுழைந்து இடம் கேட்கிறது; கழுவச் சொல்கிறது; துடைக்கச் சொல்கிறது. ஸ்பெயின் நாட்டின் பயேயாச் சட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வலென்சியா நகரில் 1928-இல் திறக்கப்பட்ட மத்தியச் சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில், சிறு தட்டு அளவிலிருந்து வண்டிச் சக்கர அளவு வரை இந்தச் சட்டிகளை வாசலிலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்நகரில் பணியாற்றிய ஆண்டுகளில், விரும்பிச் சமைக்கும் உறவினருக்கோ தோழருக்கோ பரிசு வாங்க வந்தவர்களுக்குத் துணையாக நான் பலமுறை அங்கே சென்றிருக்கிறேன். எத்தனை பேருக்கு எந்த அளவு போதும் என்பதே அநேகமாக எல்லாரும் கேட்ட கேள்வி. எந்த அடுப்பில் வைக்கப்போகிறார்கள் என்பதை யோசித்தவர்கள் மிகக் குறைவு. இந்தச் சட்டியைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்கு விடை கிடையாது.

பயேயா என்பது முதலில் உணவின் பெயரன்று, சட்டியின் பெயர். 'பட்டெல்லா' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்து, வலென்சிய மொழியில் பொரிக்கும் சட்டியைக் குறித்த சொல் அது. அதில் சமைத்த சோறு சட்டியின் பெயரையே எடுத்துக்கொண்டது. காதலிக்காக ஒருவன் சமைத்ததால் 'பாரா எய்யா', அதாவது 'அவளுக்காக', என்பதே பயேயா ஆயிற்று என்று ஒரு கதையும் உலவுகிறது. கேட்க இனிமையான கதைதான். சொற்பிறப்பியலில் அதற்கு இடமில்லை. 2016-இல் கைப்பேசிக் குறும்படங்களின் உலகப் பட்டியலில் பயேயாவின் படம் சேர்ந்தபோதுகூட, அதற்குக் கிடைத்த அதிகாரபூர்வப் பெயர் 'உணவுள்ள ஆழமற்ற சட்டி' என்பதே.

ஆழமின்மைக்குக் காரணம் உண்டு. வலென்சியாவுக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல்வயல்கள் விரிந்து கிடக்கின்றன. அங்கே விளையும் குட்டையான, பருத்த அரிசியைக் கோழி, முயல், பட்டையான பச்சை அவரை, பெரிய வெள்ளை மொச்சை வகை, தக்காளி, குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றோடு சமைப்பதே உள்ளூர் வழக்கம். இறாலும் சிப்பியும் பரப்பிய வகை வேறு. காய்கறியும் இறைச்சியும் வதங்கியபின், கைப்பிடிகளைப் பொருத்திய ஆணிகள் நனையும் வரை நீர் ஊற்றுவது பழைய கைக்கணக்கு. ஆக, சட்டி வெறும் கலம் மட்டுமன்று. அதுவே அளவுபடியும் ஆகும். அரிசி போட்டபின் கிளறக் கூடாது. ஏறக்குறைய இருபது நிமிடத்தில் நீர் வற்றி, சோறு ஒரு விரற்கடைக் கனத்தில் பரந்து நிற்கவேண்டும். அடியில் பொன்னிறப் பொருக்கு படியவேண்டும். அதைச் 'சொகர்ராத்' என்கிறார்கள். நம் பாட்டிமார் சொன்ன காந்தல்தான். நம் வீடுகளில் காந்தல் சமையல்காரரின் கவனக்குறைவு. அங்கே அதற்காகவே கரண்டிகள் போட்டியிடும். இறக்கிய சட்டியை நாளிதழ்த் தாளால் மூடிச் சிறிது நேரம் ஆறவிடும் வழக்கமும் உண்டு என்பதை, நாளிதழில் எழுதுகிறவன் என்ற முறையில் மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

இனி அளவுக்கு வருவோம். சட்டியின் அளவென்பது விளிம்புக்கு விளிம்பு விட்டம். 30 சென்டிமீட்டர் சட்டியின் வாய்ப்பரப்பு சுமார் 707 சதுர சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டர் சட்டிக்கு 1,257. விட்டத்தில் பத்துதான் கூடுகிறது. பரப்போ ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. ஆளுக்கு நூறு கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால், நால்வருக்கான 400 கிராம் பெரிய சட்டியில் வெந்தபின் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டி நிற்கும். சிறிய சட்டியிலோ இரண்டு சென்டிமீட்டருக்குக் குவிந்து, மேலே வேகாமலும் நடுவே குழைந்தும் போகும். எனவே என் கணக்கில் 30 சென்டிமீட்டர் இருவருக்கு, 40 நால்வருக்கு. கடைக்காரர்களின் அட்டவணைகள் இதைவிடத் தாராளமானவை. அவர்கள் எட்டுப் பேருக்கு என்று சொன்னால் நான் நான்கைந்து பேருக்கு என்றே எடுத்துக்கொள்வேன்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நால்வர் உள்ள வீட்டுக்கு 40 சென்டிமீட்டர் சட்டி வாங்கிவிடுகிறோம். அந்த வீட்டு எரிவாயு அடுப்பில் தீ வளையத்தின் அகலம் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். மீதிப் பரப்பு, பக்கத்துக்குப் பதினான்கு சென்டிமீட்டர், தீயையே காணாது. சட்டியோ மெல்லிய இரும்புத் தகடு. கனமான வார்ப்பிரும்பைப் போல வெப்பத்தைத் தேக்கி வைக்கும் உடம்பு அதற்கில்லை. நடுவில் கருகி, ஓரத்தில் அரிசி நறுக்கென்று நிற்கும். வேறு சமையலாயிருந்தால் கிளறிச் சமாளிக்கலாம். இதில் கிளறினால் கஞ்சிப்பசை விட்டுச் சோறு குழைந்துவிடும். இரண்டு பர்னர்களின் மேல் வைத்துச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே இருக்கலாம். ஆனால், பரிசு பெற்றவர் தம் ஞாயிற்றுக்கிழமையைச் சட்டி சுழற்றுவதில் கழிக்கவேண்டும் என்பதா நம் விருப்பம்?

வலென்சியாவில் பெரிய சட்டிகள் வெளிமுற்றத்து விறகுத் தீயில் ஏறுகின்றன; ஆரஞ்சு மர விறகுக்கு அங்கே தனி மதிப்பு. விறகு இல்லாத இடத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று வளையங்கள் கொண்ட எரிவாயுப் பர்னரை முக்காலியில் வைக்கிறார்கள். முக்காலி மட்டமாக நிற்கவேண்டும். சாய்ந்தால் நீர் ஒருபுறம் ஓடிச் சோற்றின் கனம் மாறிவிடும். அந்தப் பர்னரும் திறந்த வெளிக்கு உரியது. அடுக்குமாடிச் சமையலறைக்கு அன்று. முற்றமோ தோட்டமோ உள்ளவருக்கு 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சட்டி கொடுக்க நினைத்தால், பர்னரையும் முக்காலியையும் சேர்த்துக் கொடுப்பதே முழுமையான பரிசு. மற்றவர்களுக்கு 30 சென்டிமீட்டரைத் தாண்டவேண்டாம் என்பேன். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் மரபுச் சட்டி வேண்டவே வேண்டாம். மெல்லிய அடி கோணி, கண்ணாடிப் பரப்பின்மேல் ஆடத் தொடங்கும். தட்டையான கனத்த அடியுடன் அதற்கென்றே செய்த சட்டிகள் இருக்கின்றன.

உலோகத்தில் விலை நம்மை ஏமாற்றும். மெருகிட்ட சாதாரண இரும்புச் சட்டியே எல்லாவற்றிலும் மலிவு. வலென்சியச் சமையலாளர்கள் விரும்புவதும் அதையே. விரைவில் சூடேறும், காந்தல் நன்றாகப் பிடிக்கும். பரிசென்று வந்துவிட்டால் மலிவானதைக் கொடுக்கக் கை கூசுகிறது. பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகையோ ஒட்டாத பூச்சு பூசியதையோ தேடுகிறோம். எஃகில் குற்றமில்லை, விலைதான் அதிகம். ஒட்டாத பூச்சுக்கு இந்தச் சமையலின் கடுந்தீ ஆகாது.

மலிவான இரும்புக்கு வேறொரு விலை உண்டு. ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். கழுவியதும் துடைத்து, அடுப்பில் காட்டி உலர்த்தி, எண்ணெய் தடவி வைக்கவேண்டும். தோசைக்கல்லைப் பழக்கியவர்களுக்கு இது புதிதன்று. ஆனால், தோசைக்கல் நாள்தோறும் எண்ணெய் காண்கிறது. இந்தச் சட்டியோ மாதத்துக்கு ஒருமுறை இறங்குகிறது, தக்காளியின் புளிப்பு வேறு அதன் எண்ணெய்ப் படலத்தை அரிக்கிறது.

அந்த வேலையை யார் செய்வது என்பது சின்னக் கேள்வியன்று. வாரம் முழுதும் அடுப்பங்கரைப் பக்கம் வராத ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை பயேயாவுக்கு மட்டும் தலைமை தாங்குவது வலென்சியாவில் பழகிப்போன காட்சி. புகழ் தீ மூட்டியவருக்கு. விருந்தினர் போனபின் அந்த அகன்ற சட்டியைக் கழுவுதொட்டியில் சாய்த்துவைத்து, காந்தலை ஊறவைத்துத் தேய்ப்பவர் பல வீடுகளில் வேறொருவர். கணவருக்குச் சட்டியும் மனைவிக்குத் துருவும் பரிசாக வழங்கும் உரிமை நமக்கில்லை. சமைப்பவரே கழுவுவார் என்று தெரிந்த வீட்டுக்குத்தான் நான் இரும்புச் சட்டி கொடுப்பேன். தெரியாத வீட்டுக்கு, கருப்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த எனாமல் சட்டி. கீழே போட்டால் பூச்சு உதிரும் என்பதைத் தவிர அதனால் தொல்லை குறைவு, காந்தலும் பிடிக்கும்.

வாங்குமுன் இரண்டு அளவுகளை விசாரித்துக்கொள்ளலாம். ஒன்று, அந்த வீட்டின் மிகப்பெரிய பர்னரின் அகலம். மற்றொன்று, சட்டியைக் கழுவும் தொட்டியின் அகலம். 40 சென்டிமீட்டர் சட்டிக்கு இரு கைப்பிடிகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அலமாரியில் அடங்காமல் சுவரில் ஆணி தேடுவதும் அதுவே. விசாரிக்க வழியில்லை என்றால் 30 சென்டிமீட்டர் எனாமல் சட்டியோடு, 'பொம்பா' என்ற குட்டை அரிசி ஒரு கிலோவும் சிறிது குங்குமப்பூவும் வைத்துக் கொடுங்கள். பாஸ்மதி இதற்கு ஒத்துவராது. பொம்பா நிறைய நீரை உறிஞ்சியும் உடையாமல் நிற்கும். முதல்முறை சமைப்பவருக்கு நீர் சற்றுக் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும்.