விளக்கெண்ணெயில் இருந்து பிளாஸ்டிக்: செடியில் பிறந்தால் மண்ணில் மக்குமா?

வயிற்றைச் சுத்தம் செய்ய, கண் மை கூட்ட, உச்சந்தலையில் தேய்க்க... விளக்கெண்ணெய் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இதெல்லாம்தான். ஆனால் லாரியின் ஏர் பிரேக் குழாய், காரின் எரிபொருள் குழாய், 3டி பிரின்டரில் போடும் பவுடர் என்று பல இடங்களில் அதே எண்ணெய் பிளாஸ்டிக் வடிவில் இருக்கிறது. பெயர், நைலான் 11.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1940-களிலேயே பிரான்ஸில் உருவாக்கப்பட்டது. இன்று ஆர்கெமா நிறுவனம் 'ரில்சான்' என்ற பெயரில் விற்கிறது. பெட்ரோலியத்துக்கு மாற்று தேடும் காலம் என்பதால், இப்போது மீண்டும் கவனம் பெற்றிருக்கிறது.

ஏன் ஆமணக்கு?

ஆமணக்கு எண்ணெயில் 85 முதல் 90 சதவிகிதம் வரை ரிசினோலியிக் அமிலம்தான். 18 கார்பன் அணுக்கள் கொண்ட இந்தச் சங்கிலியில், 12-வது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டியிருக்கும். கடலை, சூரியகாந்தி, தேங்காய் எண்ணெய்களில் இது கிடையாது. இந்த அமைப்பு இருப்பதால்தான் சங்கிலியைச் சரியான இடத்தில் உடைக்க முடிகிறது.

எப்படித் தயாராகிறது?

முதலில் எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரிய வைக்கிறார்கள். கிடைப்பதை நீராவியுடன் சேர்த்து மிக அதிக வெப்பத்தில் சூடாக்கினால், 18 கார்பன் சங்கிலி 7, 11 என இரண்டாக உடைகிறது. 11 கார்பன் துண்டை அமிலமாக்கி, ஹைட்ரஜன் புரோமைடு, அம்மோனியா ஆகியவற்றுடன் வினைபுரிய வைத்தால் அமினோ அமிலம் ஒன்று கிடைக்கும். அதைக் கோத்துக் கோத்து நீளமாக்கினால் நைலான் 11 ரெடி.

7 கார்பன் துண்டும் வீணாவதில்லை. மல்லிகை மணம் தரும் வாசனைப் பொருள் தயாரிக்க அது பயன்படுகிறது.

என்ன லாபம்?

சாதாரண நைலானைவிட இது குறைவாகவே ஈரத்தை உறிஞ்சும். குளிரிலும் எளிதில் நொறுங்காது. கார்பன் முழுக்கச் செடியில் இருந்து வருகிறது. இன்னொரு முக்கியமான விஷயம், விளக்கெண்ணெய் சமையல் எண்ணெய் அல்ல. தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், சோயா எண்ணெயை பிளாஸ்டிக்குக்குத் திருப்பினால் அடுப்படியில் கை வைத்த மாதிரி ஆகிவிடும். ஆமணக்கில் அந்த நேரடிப் போட்டி இல்லை.

அப்போ சிக்கலே இல்லையா?

இருக்கிறது. உலக ஆமணக்கு உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான். அதிலும் பெரும்பகுதி குஜராத்தில். அங்கே மழை பொய்த்தால் ஐரோப்பியத் தொழிற்சாலை வரை விலை ஆடும். ஆமணக்குக்கு விலை சரிந்தால் விவசாயி பருத்திக்கோ நிலக்கடலைக்கோ மாறிவிடுவார். இந்தத் தொடர் சப்ளையைக் காக்கத்தான் ஆர்கெமா, பிஏஎஸ்எஃப், ஜெயந்த் அக்ரோ ஆர்கானிக்ஸ், சாலிடரிடாட் ஆகியவை சேர்ந்து 2016-ல் குஜராத் விவசாயிகளுக்காக 'பிரகதி' திட்டத்தைத் தொடங்கின.

விதையில் ரிசின் என்ற கொடிய நச்சு உண்டு. அது எண்ணெயில் கரையாது, புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதனால்தான் ஆமணக்குப் புண்ணாக்கு மாட்டுக்குப் போகாமல் வயலுக்கு உரமாகப் போகிறது.

விலையும் ஒரு தடை. சாதாரண நைலானைவிட இது அதிகம் என்பதால் கேரி பேக், டம்ளர் போன்றவற்றுக்குக் கட்டுப்படியாகாது.

தமிழ்நாட்டில்?

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒய்ஆர்சிஎச் 1 போன்ற வீரிய ஒட்டு ரகங்கள் அங்கிருந்து வந்தவை.

கடைசியாக, மக்குமா?

மக்காது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் எதில் இருந்து வந்தது என்பது வேறு. மண்ணில் போட்டால் என்ன ஆகும் என்பது வேறு. நைலான் 11 செடியில் இருந்து வந்தாலும், குப்பையில் சாதாரண நைலான் மாதிரியேதான் கிடக்கும். மறுசுழற்சி செய்யலாம், ஆனால் அதைத் தனியாகச் சேகரித்தால்தான்.

எனவே 'தாவரத்தில் இருந்து தயாரிக்கப்பட்டது' என்று ஒரு பொருளில் எழுதியிருந்தால், அதை மக்கும் பொருள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் மக்கும் பிளாஸ்டிக் என்று விற்க, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். வாங்கும் முன் அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரி.