குவார் கெப்பாவின் எலும்புகள்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடகோடியில், கெடாவுக்கு எல்லையாக ஓடும் மூடா நதிக்குச் சமீபமாக, குவார் கெப்பா என்னும் கிராமம் இருக்கிறது. அங்கே தொல்லியல் காட்சிக்கூடம் ஒன்றை எழுப்புவதற்காக 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வேலை நடந்துகொண்டிருந்த சமயம், சிப்பி ஓடுகள் செறிந்த மண்ணுக்குள் ஒரு மனித எலும்புக்கூடு தென்பட்டது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டதாகக் கணிக்கப்பட்ட அந்த அஸ்தி, 'பினாங்குப் பெண்' என்று பெயர் பெற்று, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆராய்ச்சி மையத்தாரால் ஆராயப்பட்டது. ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே, முன்னாளில் பிரிட்டிஷ் படைவீடாக இருந்த மிண்டன் வளாகத்தில் இயங்கும் அப்பல்கலைக்கழகத்தை நம்மவரில் பலர் அறிவர். தம் பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியவர்களும் அநேகர். ஆனால் இத்தகைய ஆராய்ச்சி மையங்களின் பின்னறைகளில், வகுப்பறைகளின் ஆரவாரம் எட்டாத இடத்தில், எலும்பும் பல்லும் சிப்பியும் கல்லாயுதமும் எண்ணிடப்பட்டு இழுப்பறைகளில் வைக்கப்பட்டிருப்பதையும், காட்சிக்கூடத்துக் கண்ணாடிப் பேழையைவிட அந்த இழுப்பறைகளே சாஸ்திரத்துக்குப் பிரதானம் என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

வெப்பமும் மழையும் மிகுந்த நம் பிரதேசத்தில், ஐயாயிரம் ஆண்டுகள் ஓர் எலும்பு மண்ணுக்குள் அழியாதிருப்பதே அபூர்வம். இடைவிடாது மழைநீர் ஊறி இறங்குவதால் இம்மண் அமிலத்தன்மை அடைந்து, எலும்பிலுள்ள சுண்ணச்சத்தைக் கரைத்துவிடுகிறது. எஞ்சிய புரதத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. குவார் கெப்பாவில் வாழ்ந்த மக்கள் தாங்கள் உண்டு எறிந்த சிப்பிகளின் குவியலுக்குள்ளேயே தம் இறந்தோரை அடக்கம் செய்தார்கள். அந்த ஓடுகள் சுண்ணாம்புப் பொருளால் ஆனவை. கீழிறங்கும் நீரின் அமிலத்தை அவை முறித்தன. ஆகவே எலும்புகள் நிலைத்தன. அக்காலத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தபடியால், இப்போது கரையிலிருந்து விலகி உள்ளே கிடக்கும் அந்த இடம், அன்று கடலோரமாகவே இருந்திருக்கும் என்பதும் இந்தச் சிப்பிகளால் விளங்குகிறது.

இவ்வாறு இயற்கை காத்துக்கொடுத்ததை மனிதர் காத்தார்களா என்றால், அந்தச் சரித்திரம் வருத்தம் தருவது. 1860-ஆம் ஆண்டு வாக்கில் ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் என்னும் ஆங்கிலேயர் இச்சிப்பி மேடுகளை ஆராய்ந்து எழுதினார். சிப்பி ஓடுகளைச் சுண்ணாம்பு சுடுவதற்காக வெட்டி அள்ளிச் சென்றதில், மனிதனைவிட உயர்ந்து நின்ற மேடுகள் சிறிது சிறிதாகத் தரைமட்டமாயின. பின்னர், 1934-இல், வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் என்னும் டச்சுத் தொல்லியலார், எஞ்சியிருந்த மூன்று மேடுகளை முறையாக அகழ்ந்தார். தென்கிழக்காசியத் தொல்லியலுக்குத் தம் வாழ்நாளை அர்ப்பணித்து, 1938-இல் கொழும்பு நகரத்தில் உயிர்நீத்த அந்த அறிஞரின் சிரத்தையைக் குறைகூற இடமில்லை. ஆயினும் அவர் காலத்து வழக்கப்படி, அங்கே கிடைத்த எலும்புகள் நாடு கடந்து சென்றன. 41 பேருடைய அஸ்திகள் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரத்து இயற்கைப் பொருட்காட்சிச் சாலையில் வைப்புப் பொருள்களாயின. பினாங்கு மாநில அரசு அவற்றைத் திரும்பத் தரும்படி கேட்டு வந்திருக்கிறது.

நம் பக்கத்துப் பழம்பொருள்கள் இவ்வாறு இடம்பெயர்ந்ததற்கு இது ஒன்றே திருஷ்டாந்தம் அன்று. இதே செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டு, கல்கத்தாப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின.

நாடு கடந்து சென்ற குவார் கெப்பா எலும்புகள் சும்மா கிடக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். குவார் கெப்பாவில் கிடைத்த கீழ்த்தாடை ஒன்றை 1940-இல் மைஸ்பெர்க் என்னும் உடற்கூற்று அறிஞர் ஆராய்ந்து, அது மெலனேசிய மக்களின் சாயலுடையது என்று எழுதினார். மண்டையையும் தாடையையும் அளந்து மனிதர்களை இனம் இனமாகப் பிரிப்பதே அன்றைய விஞ்ஞானத்தின் நாட்டமாக இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, அதே எலும்புகளை டேவிட் பல்பெக் மறுபடியும் எடுத்து ஆராய்ந்து, புதிய ஒப்பீடுகளோடு எழுதிய கட்டுரை, பேராசிரியை சுராய்னா மஜீத் பதிப்பித்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2005-இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. மைஸ்பெர்க்கின் முடிவு மட்டும் அச்சில் இருந்து எலும்பு தொலைந்திருந்தால், பின்வந்தவருக்கு அதைச் சோதிக்க வழியே இருந்திராது. பின்னறைச் சேகரம் என்பது இதற்காகத்தான்: இன்றைய அறிஞன் கேட்கத் தெரியாத கேள்வியை நாளைய அறிஞன் கேட்பான், அப்போது அந்த எலும்பு அங்கே இருந்தாக வேண்டும்.

இதற்கு இன்னும் பெரிய சாட்சி கிளந்தானிலிருந்து கிடைத்திருக்கிறது. குவா சா என்னும் குகையில் முன்னொரு காலத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒருவரின் எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, 2018-இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அவருக்கு அந்தமான் தீவுகளின் ஓங்கே மக்களோடும், இன்றும் தீபகற்பத்தின் வடபகுதிக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களோடும் நெருங்கிய உறவு இருப்பது தெரியவந்தது. வெப்ப நாடுகளில் மரபணு விரைவில் சிதைந்துபோவதால், இத்தகைய ஆராய்ச்சி இங்கே சாத்தியமே இல்லை என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. பழைய எலும்புகளை அன்று யாரோ ஒருவர் பத்திரப்படுத்தி வைத்ததன் பலன் இது.

பத்திரப்படுத்துவது என்றால் என்ன? எலும்பைப் பெட்டியில் இட்டு மூடுவது மட்டும் அன்று. ஒவ்வொன்றும் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், எந்தச் சிப்பி அடுக்கில், எதன் அருகே கிடந்தது என்னும் குறிப்பு அதனோடு கூடவே இருக்கவேண்டும். அறையின் ஈரம் அடங்கியிருக்கவேண்டும். பினாங்கின் காற்றில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. வெறுங்கையால் தொட்டாலே நம் மரபணு அதில் ஒட்டிக்கொள்ளும். கூடக் கிடந்த சிப்பியையும் காப்பது அவசியம்; ஏனெனில் காலத்தைக் கணிக்க இரண்டும் உதவும். உயிர்ப்பொருளிலுள்ள கார்பன்-14, ஏறக்குறைய 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. பினாங்குப் பெண்ணின் காலத்து உயிர்களிடம் இருந்ததில் கிட்டத்தட்டப் பாதியே இன்று எஞ்சியிருக்கும். ஆனால் கடல்வாழ் சிப்பி, ஆழ்கடல் நீரின் பழைய கரியை ஏற்றுக்கொள்வதால், உள்ளதைவிடச் சில நூறு ஆண்டுகள் மூத்ததாகத் தோற்றமளிக்கும். அந்தப் பிழையைத் திருத்தாமல் கூறும் வயது வயதாகாது. பல்லின் மேற்பூச்சோ, அந்த மனிதர் பிள்ளைப்பருவத்தில் எந்த நிலத்து நீரைக் குடித்து வளர்ந்தார் என்பதையே தனக்குள் பதித்து வைத்திருக்கிறது.

பல் என்றதும் பத்துமலை நினைவுக்கு வருகிறது. தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கான பக்தர்கள் காவடி சுமந்து படியேறும் அதே சுண்ணாம்புக் குன்றின் குகையொன்றில், ஓராங் ஊத்தானின் புதைபடிவப் பற்கள் கிடைத்திருக்கின்றன. பேராக்கில் வேறொரு குகையிலும் கிடைத்தன. இரண்டிலுமாக ஒன்பது பற்கள். இவற்றைக் கொண்டு 2013-இல் ஆராய்ச்சியாளர்கள் நிறுவியது இது: இன்று போர்னியோவிலும் சுமாத்திராவிலும் மட்டுமே எஞ்சியிருக்கும் அந்த ஜீவன், ஐந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தீபகற்பத்துக்கு வந்து, சுமார் அறுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரையிலும் பத்துமலைப் பக்கத்தில் வாழ்ந்தது, ஆகவே பனியூழியின் வறட்சியிலும் அங்கே போதிய காடு இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒன்பது பற்கள் ஒரு பெருங்காட்டுக்குச் சாட்சி சொல்லுகின்றன.

லெய்டனிலுள்ள 41 பேரும் பினாங்குப் பெண்ணும் ஒரே மண்ணுக்கு உரியவர்கள். ஒரே சேகரத்தில், ஒரே அட்டவணையில், ஒருவரோடொருவரை ஒப்பிட்டு ஆராயும்படி இருப்பதே நியாயம் என்பது என் துணிபு. ஜாவா முதலிய தீவுகளில் டுபுவா என்னும் டச்சு விஞ்ஞானி அகழ்ந்தெடுத்த 28,000-க்கும் மேற்பட்ட புதைபடிவங்களை இந்தோனேசியாவுக்குத் திருப்பித் தர நெதர்லாந்து 2025-இல் இணங்கியிருப்பதால், இது நடவாத காரியம் என்று எவரும் சொல்லமுடியாது.

நம்மாலும் ஆகவேண்டியது ஒன்று உண்டு. செபராங் பிறையில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறவர்களும், தோட்டத்தில் கால்வாய் வெட்டுகிறவர்களும், சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காய்த் தோன்றி அவற்றிடையே எலும்போ கல்லாயுதமோ தென்பட்டால், அதைப் பெயர்த்தெடுத்துக் கழுவி வைக்காமல், கிடந்தபடியே விட்டுவிட்டு, மாவட்ட அதிகாரிக்கு உடனே தெரிவிக்கவேண்டும். அவ்வாறு தெரிவிப்பதை 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் கோருகிறது.