கேட் பூட்ட முடியலையா? போர்டிகோவில் ஒரு பந்தைத் தொங்க விடுங்க!

திண்டுக்கல்,

பூட்டுக்குப் பேர் போன ஊர் எங்க ஊர். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ராத்திரி கேட்டைப் பூட்ட முடியாமல் ரொம்ப நாள் தவித்தார்கள். கோளாறு பூட்டில் இல்லை... காரில்!

லோன் போட்டு ஆசையாக வாங்கிய கார். போர்டிகோவில் நிறுத்தினால் அதன் வால் அரை அடி தெருவுக்கு நீட்டிக் கொண்டு நிற்கும். முன்பக்கம் பார்த்தால் ஒன்றரை அடி இடம் சும்மா கிடக்கும். "என்னங்க, இன்னும் கொஞ்சம் முன்னாடி போங்க" என்பார் மனைவி. "போனா செவுத்துல மோதிடும்" என்பார் கணவர். தினமும் இதே பஞ்சாயத்து. தண்ணி லாரிக்காரர் வந்து ஹாரன் அடித்தால் தெருவே எட்டிப் பார்க்கும்.

ஒருநாள் ராத்திரி கோபத்தில் "சரி, போறேன்" என்று முன்னே போனார். டமார்! சுவர் ஓரமாக இருந்த தையல் மெஷின் சாய்ந்து விழுந்தது. அதில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக் கொண்டிருந்த அவருடைய அம்மா, அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போயிருந்தார். ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

இப்போது அந்த வீட்டுப் போர்டிகோவில் மஞ்சள் கலரில் ஒரு டென்னிஸ் பந்து கயிற்றில் தொங்குகிறது. கார் தினமும் ஒரே இடத்தில் நிற்கிறது. கேட்டும் பூட்டுகிறார்கள். தெருவில் போகிறவர்கள்தான், "என்ன அண்ணே, படிகாரத்துக்கு பதிலா பந்தா? திருஷ்டிக்கு புதுசா ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டு விட்டுப் போகிறார்கள்.

மூக்கு தெரியாத கார்

ஏன் இப்படி இடிக்கிறது? ஓட்டத் தெரியாமலா? அதெல்லாம் இல்லை. பழைய அம்பாசிடரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் பானட் மேடாக, நீளமாக கண்ணுக்குத் தெரியும். இப்போது வருகிற சின்ன கார்களில் பானட் சரிந்து கீழே இறங்கி விடுகிறது. கண்ணாடிக்கு முன்னால் நாலஞ்சு அடி கார் இருக்கிறது, ஆனால் அது எங்கே முடிகிறது என்பது டிரைவருக்குத் தெரியாது. பயந்தவர் இரண்டு அடி முன்னாலேயே பிரேக் போடுவார். தைரியசாலி சுவரில் போடுவார்.

"வண்டியில சென்சார் இருக்கே?" என்று கேட்பீர்கள். 2019 ஜூலை 1 முதல் புதிதாகத் தயாராகும் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். ஆனால் அது பின்பக்கத்துக்கு. முன்பக்கம் சென்சார் விலை கூடின மாடல்களில்தான் வருகிறது. அதற்கு முன் வந்த செகண்ட் ஹேண்ட் வண்டிகள் பலவற்றில் பின்பக்கமும் கிடையாது. நம் ஜனம் நிறைய பேர் வாங்குவது அந்த வண்டிகளைத்தானே!

அடுத்து இடக் கணக்கு. 2006 மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சின்ன கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். அதில் இருந்து கம்பெனிகள் எல்லாம் 4 மீட்டரைத் தாண்டாமல், ஆனால் அதை ஒட்டியே வண்டி போட ஆரம்பித்தன. 4 மீட்டர் என்றால் 13 அடி சொச்சம். பழைய மாருதி 800 வெறும் 11 அடிதான். அந்தக் காலத்துக் கணக்கில் 15 அடிக்கு போர்டிகோ கட்டியவர்களுக்கு, இப்போது முன்னும் பின்னும் சேர்த்தே 2 அடிக்குக் குறைவாகத்தான் மிச்சம். உள்பக்கம் திறக்கிற கேட்டாக இருந்தால் கேட்டு. அரை அடி கூட வீணாக்க முடியாது.

கொத்தனார் வித்தைதான்!

கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூலில் கட்டிய குண்டு எப்போதும் நேர் கீழேதான் தொங்கும், ஏமாற்றாது. இந்தப் பந்தும் அதே கதைதான். மூடிய ஷெட்டுக்குள் கார் விடுகிற அமெரிக்காவில் இது பழைய வீட்டு வைத்தியம் மாதிரி. சுவர் எங்கே இருக்கிறது என்று டிரைவர் தேட வேண்டாம். பந்து கண்ணாடியைத் தொட்டதா? நிறுத்து. அவ்வளவுதான்!

கட்டுவது சுலபம், ஆனால் ஒரு முறை பொறுமை வேண்டும். கூட ஒரு ஆளை வைத்துக் கொண்டு காரை முதலில் சரியான இடத்தில் நிறுத்துங்கள். முன்பக்கம் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி நடக்கிற அளவு, அதாவது ஒரு அடியாவது விடுங்கள். இடம் இருந்தால் ஒன்றரை அடி. பிறகு கேட்டை மூடிப் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள். டிக்கியையும் திறந்து பார்த்து விடுங்கள். எல்லாம் சரி என்ற பிறகு காரை அசைக்காமல், டிரைவர் முகத்துக்கு நேராக முன் கண்ணாடியில் ஒரு இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். நம் ஊர் வண்டிக்கு அது வலது பக்கம் வரும். அந்த இடத்துக்கு நேர் மேலே சீலிங்கில் கொக்கி.

பந்தில் கோணி ஊசியால் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு நூலைக் கோர்த்து, கீழே ஒரு சட்டை பட்டனைக் கட்டி விட்டால் உருவாது. டென்னிஸ் பந்து 60 கிராம் கூட இல்லை, மேலே பஞ்சு மாதிரி இருக்கும், கண்ணாடியில் கீறல் விழாது. ஒருத்தர் பழைய கிரிக்கெட் பந்தைக் கட்டியிருந்ததை நானே பார்த்தேன். அது கார் பார்க்கிங் இல்லை, கண்ணாடி கடைக்காரருக்கு வியாபாரம்!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன் கண்ணாடி சரிவாக இருப்பதால் பந்தின் உயரம் ஒரு இஞ்ச் மாறினால் கார் நிற்கும் இடம் இரண்டு இஞ்ச் வரை மாறும். நூல் இழுபட்டு பந்து கீழே இறங்கினால், கண்ணாடி அதை முன்கூட்டியே தொட்டு விடும். கார் முன்னாலேயே நின்று, வால் வெளியே நீட்டும். பிள்ளைகள் விளையாட்டாக முடிச்சுப் போட்டு நூலைச் சின்னதாக்கினால் நிலைமை தலைகீழ். கார் சுவர்ப் பக்கம் போய் விடும். அதனால் இழுபடாத பருத்தி நூல் நல்லது. மாதம் ஒரு தடவை பார்வையை ஓட்டுங்கள்.

கான்கிரீட் சீலிங்கில் டிரில் போடும் முன் எலக்ட்ரீசியனிடம் கேட்டுக் கொள்ளுங்கள். லைட்டுக்குப் போகும் வயர் பைப் அதற்குள்ளேதான் ஓடும். லைட் வயரிலேயே பந்தைக் கட்டுகிற கில்லாடித்தனம் வேண்டவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை என்றால் அதில் ஓட்டை போடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கூரையைத் தாங்கும் இரும்பு பைப்பில் கட்டினால் போதும்.

சம்ப் மூடி ஜாக்கிரதை

நம் ஊரில் பாதி வீட்டில் போர்டிகோவுக்கு அடியில்தான் தண்ணீர் சம்ப். இதை யாரும் யோசிப்பதில்லை. சின்ன கார் கூட ஏறக்குறைய 700 கிலோ இருக்கும். ஆள் ஏறினால் ஒரு சக்கரத்தில் மட்டும் 200 கிலோவுக்கு மேல் இறங்கும். ஆள் நடக்கிற கனத்துக்குப் போட்ட சம்ப் மூடி மேல் தினமும் ராத்திரி முழுக்க சக்கரம் நின்றால்? ஒருநாள் மூடி உள்ளே போகும், சக்கரமும் போகும். மூடி உடைந்தது தெரியாமல் ஒரு குழந்தை கால் வைத்தால் என்ன ஆவது?

பந்து கட்டும்போதே சக்கரம் நாலும் மூடிக்குத் தள்ளி நிற்கிற மாதிரி இடம் பார்த்துக் கட்டுங்கள். பந்து முன்னே பின்னே மட்டும் இல்லை, இடது வலதும் காட்டும். நேர் முகத்துக்கு வந்தால் சரி. இடது பக்கமோ வலது பக்கமோ ஒதுங்கித் தெரிந்தால் வண்டி கோணல். 8 அடி அகல போர்டிகோவில் 5 முக்கால் அடி காரை விட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டேகால் அடிதான் மிச்சம், அதில்தான் கதவைத் திறந்து இறங்க வேண்டும். நம்ம தொப்பைக்கு அது போதாது என்பது வேறு விஷயம்.

கயிறு பிள்ளைகள் உயரத்தில்!

பந்து தொங்குவது ஏறக்குறைய நாலு அடி உயரத்தில். காரை வெளியே எடுத்த பிறகு அந்தக் கயிறு யார் உயரம்? ஸ்கூல் விட்டு ஓடி வருகிற பிள்ளையின் கழுத்து உயரம்! சைக்கிளில், டூவீலரில் வேகமாக உள்ளே வருகிறவர்களுக்கும் ஆபத்து. மீன் பிடிக்கிற தங்கூசி நூல் கண்ணுக்கே தெரியாது, வெட்டி விடும். அதைக் கட்டாதீர்கள். இழுத்தால் பட்டென்று அறுந்து போகிற நூல்தான் சரி. கார் இல்லாத நேரம் பந்தைத் தூக்கி சுவரில் ஒரு ஆணியில் மாட்டி விடுங்கள். இரண்டு நொடி வேலை.

ஆடிக் காற்றில் திறந்த போர்டிகோவில் பந்து ஊஞ்சலாடும். அப்போது அதை நம்ப முடியாது, ஆளைத்தான் நிறுத்த வேண்டும். இன்னொன்றும் உண்டு. பந்து முன்னே இருக்கிற இடத்தைத்தான் சொல்லும். தவழ்கிற குழந்தை, காரின் நிழலில் படுத்திருக்கிற நாய், இதெல்லாம் பந்துக்குத் தெரியாது. வண்டியை உள்ளே விடும் முன்பும், எடுக்கும் முன்பும் இறங்கி ஒரு சுற்று பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

ரிவர்ஸில் விடுகிறவர்கள் பின் கண்ணாடியில் படுகிற மாதிரி கட்டலாம், ஆனால் ராத்திரி சரியாகத் தெரியாது. அவர்களுக்கு தரையில் மூணு இஞ்ச் உயரத்துக்கு சிமெண்டில் ஒரு வரப்பு போட்டு, டயர் முட்டினால் நிற்பது உத்தமம். ஆம்னி வேன், குட்டி யானை வைத்திருப்பவர்களுக்கு கண்ணாடிக்கு முன்னால் மூக்கே கிடையாது, முகத்தை நீட்டினால் சுவர் தெரியும். பந்துக்குச் செலவு செய்ய வேண்டாம்.

ரொம்ப உபயோகம் ஆக்டிங் டிரைவர்களுக்குத்தான். தினமும் ஒரு வீடு, ஒரு வண்டி. எங்கே எவ்வளவு இடம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? "பம்பர்ல ஒரு கீறல் விழுந்தா அன்னைக்கு சம்பளம் போச்சு சார். பந்து கட்டின வீட்டுல வண்டியை விடுறது நிம்மதி" என்றார் எனக்குத் தெரிந்த ஒரு டிரைவர். பந்து கண்ணாடியைத் தொடுகிற கணக்கு என்பதால் ஓட்டுகிறவர் நெட்டையா, குட்டையா என்பதும் பிரச்சினை இல்லை. முதல் கியரில், கிளட்சை விட்டுவிட்டு மெதுவாக வர வேண்டும், அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக் வண்டி ஆக்சிலேட்டரை மிதிக்காமலே நகரும், அதில் கால் பிரேக் மேலேயே இருக்கட்டும்.

கடைசியாக, மறுபடியும் எங்கள் தெருவுக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு அந்த வீட்டுக்கு மச்சான் பெரிய வண்டியில் வந்தார். பந்தைப் பார்த்து, "நல்ல ஐடியாவா இருக்கே மாப்ளே" என்று பாராட்டி விட்டு, பந்து கண்ணாடியில் படட்டும் என்று முன்னே வந்தார். அவர் வண்டிக்கு மூக்கு நீளம். பந்து தொடும் முன்பே பம்பர் சுவரைத் தொட்டு விட்டது. நல்லவேளை, தையல் மெஷின் இப்போது ஹாலில் இருக்கிறது.

இப்போது அந்தப் பந்தின் மேல் கறுப்பு பெயிண்டில் வீட்டுக் காரின் நம்பரை எழுதி வைத்திருக்கிறார்கள்.