தூக்கம் முதலில் சொல்லிவிடும்

வடசென்னைக் காசிமேட்டில் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் விழித்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஐஸ் உடைப்பவருக்கும் கூடை தூக்குபவருக்கும் அது வேலை நேரம். திருவொற்றியூர் ஆலைகளில் நைட் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி டிரைவர்கள் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடப்பார்கள். அதனால்தான் என் மாமா தூங்காமல் இருந்ததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் ஆலையில் ஃபிட்டர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலிலும் படுக்கவில்லை. வாசலில் கோணிப்பை விரித்து வீட்டு மிக்சி, டேபிள் ஃபேன், பக்கத்து வீட்டு கிரைண்டர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு நிற்கவில்லை. ஐந்தாம் நாள் மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கி, இரண்டு பைபர் படகுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். கடலுக்கே போகாத மனிதர். கேட்டால், “நீங்கல்லாம் சின்னதா யோசிக்கிறீங்க” என்று சிரித்தார். இரண்டு மாதம் கழித்து அதே மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். குளியல் இல்லை, சோறு இறங்கவில்லை. வேலை செய்த இடத்தில் “குடிச்சிட்டு படுத்துக்கிறான்” என்றார்கள். அத்தை மந்திரித்துக் கயிறு கட்டினாள். நான் என்ன செய்தேன்? ஊர் சொன்னதை நானும் பாதி நம்பினேன். இன்றும் அது உறுத்துகிறது.

இதற்குப் பெயர் இருமுனைக் கோளாறு. ஆங்கிலத்தில் பைபோலார் என்பார்கள். ஒரு முனையில் மிகையெழுச்சி: வாரக்கணக்கில் அடங்காத உற்சாகம் அல்லது எரிச்சல், கட்டுக்கடங்காத பேச்சு, செலவு, துணிச்சல். மறுமுனையில் மனச்சோர்வு. நடுவில் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட, ஆள் நம்மைப் போலவே நன்றாக இருப்பார். அந்த நல்ல காலம்தான் பலரை ஏமாற்றுகிறது: “நல்லாத்தானே இருக்கான், திமிர்தான்” என்று பேச வைக்கிறது. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வளர்ப்போ, செய்வினையோ காரணமில்லை. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்பது நோயாளிக்கும், வரப்போகும் பெண்ணுக்கும் செய்யும் அநியாயம்.

இந்த நோயில் தூக்கம் அறிகுறியாகவும் இருக்கும், தூண்டுகோலாகவும் இருக்கும். நைட் ஷிப்ட் செய்கிற எல்லோருக்கும் இது வராது. ஆனால் உடம்பில் அந்த வாய்ப்பு ஏற்கெனவே இருப்பவருக்கு, தொடர்ந்து கண் விழிப்பது மிகையெழுச்சியைக் கிளப்பிவிடலாம். வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தூக்கம் வரவில்லையா, தூக்கம் தேவைப்படவில்லையா? தூக்கம் வராதவர் மறுநாள் துவண்டு கிடப்பார். மிகையெழுச்சியில் இருப்பவர் மூன்று மணி நேரம் படுத்து எழுந்து, புது பேட்டரி போட்டதுபோல் நடமாடுவார்.

மாமாவுக்கு நோயின் பெயர் தெரியவே ஆறு வருடம் ஆனது. மருத்துவரிடம் போனதெல்லாம் சோர்ந்து கிடந்தபோதுதான். உற்சாகமாக இருந்த நாட்களைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால், இந்த நோய் உள்ளவருக்கு அது மறுமுனைக்குத் தள்ளிவிடக்கூடும். அப்படித்தான் ஆனது.

லித்தியம் உப்பு இந்த நோய்க்குப் பயன்படும் என்று கண்டவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் கைதியாகக் கிடந்தவர். 1949இல், மிகையெழுச்சியில் இருந்த 10 பேருக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டார். இன்றும் முன்வரிசை மருந்துகளில் ஒன்று அது. ஆனால் பயனுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் இருக்கலாம், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை.

நம் பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சிறுநீரகத்துக்கு லித்தியமும் சாதாரண உப்பில் உள்ள சோடியமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். கத்தரி வெயிலில், உலை அருகே, படகின் மேல்தளத்தில் வியர்வையாக உப்பும் நீரும் போய்விட்டால், சிறுநீரகம் மிச்சமிருக்கும் உப்பைப் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். மாத்திரை அதேதான், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறிவிடும். முதுகுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகளும் அதையே செய்யும். பிரஷருக்காகக் கருவாட்டையும் உப்பையும் திடீரென்று நிறுத்தினாலும் மனநல மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அளவு மிஞ்சினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், நாக்குழறல், தள்ளாட்டம் வரும். தெருவில் தள்ளாடுபவரைக் கண்டால் நம் ஊர் என்ன சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அந்த நேரத்தில் போக வேண்டிய இடம் அவசரச் சிகிச்சைப் பிரிவு.

சென்னையில் ஒருவரை இழிவுபடுத்த “கீழ்ப்பாக்கம்” என்ற ஊர்ப்பெயரே போதும். 1794இல் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறி, இத்தனை தலைமுறைகளைக் கவனித்த மனநல மருத்துவமனையின் பெயர் வசைச்சொல்லாகக் கிடக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பயந்துதான், மருத்துவமனையை விட்டுவிட்டு, நோயாளியைச் சங்கிலியால் கட்டிவைக்கும் இடங்களைத் தேடிப் போகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் இருமுனைக் கோளாறு உள்ள 100 பேரில் 70 பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாக 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னது. ராயபுரத்துக்கு ஸ்டான்லி மருத்துவமனை கூப்பிடு தூரம். ஓ.பி. வரிசையில் தெருக்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம்தான் அதைத் தொலைவாக்குகிறது. போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

மாமா இப்போது பகல் ஷிப்ட் மட்டும் பார்க்கிறார். மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். சமையலறைக் காலண்டரில் அத்தை தினமும் அவர் தூங்கிய மணிக்கணக்கை எழுதுகிறாள். 7, 6, 7. போன ஐப்பசியில் 4 என்று ஒரு நாள், அடுத்த நாள் 3. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் இருவரும் ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரையை மாற்றினார். அந்த வாரக் கடைசியில் கட்டத்தில் 6 என்று இருந்தது.