நர்ஸ் வேலையில் நிலைப்பது எதனால்?



மருத்துவமனையில் நர்ஸுகள் அடிக்கடி மாறினால் முதல் நஷ்டம் நோயாளிக்குத்தான். பழகிய நர்ஸ் நோயாளியின் முகத்தைப் பார்த்தே மாற்றத்தைக் கண்டுகொள்வார். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் இந்தப் படிப்புக்குப் போவதால், இதில் நமக்கு இரட்டை அக்கறை உண்டு.

முதல் காரணம் சம்பளமும் நிரந்தரமும். 2015இல் தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் மூலம் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட நர்ஸுகளுக்கு அப்போது மாதம் ரூ.7,700தான் கிடைத்தது. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினார்கள். தனியார் மருத்துவமனைகளுக்காக, உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் ரூ.20,000க்குக் குறையக் கூடாது என்றது. ஆனால் அது பரிந்துரைதான்.

சம்பளம் மட்டும் போதாது. அமெரிக்காவில் நர்ஸ் பற்றாக்குறை இருந்த காலத்தில், நர்ஸுகள் விட்டுப் போகாத 41 மருத்துவமனைகளை ஆராய்ந்து 1983இல் அறிக்கை வெளியிட்டார்கள். அங்கெல்லாம் வார்டில் போதிய ஆள் இருந்தது. ஷிப்ட் போடுவதில் விட்டுக்கொடுத்தார்கள். நோயாளி பற்றி நர்ஸ் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். மேலே படிக்கவும் வழி செய்தார்கள். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பவர்கள் ஆளைத்தான் நிறுத்த முடியும், மனதை அல்ல.

வேலையில் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை:

• பணி நியமன உத்தரவு எழுத்தில் உண்டா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா?
• இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்?
• நைட் டூட்டிக்குப் போக வர வண்டியோ, தங்க இடமோ உண்டா?
• பிரசவ விடுப்பு தருகிறார்களா? தகுதியுள்ள பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் என்பது சட்டம்.
• அசல் சான்றிதழ் கேட்கிறார்களா? நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் ஒரு பங்கு இருக்கிறது. கல்யாணமானதும், குழந்தை பிறந்ததும் வேலையை விடும் பெண்கள் பலர். இரவெல்லாம் விழித்துவிட்டு வரும் மருமகள் காலையில் நான்கு மணி நேரம் தூங்கினால் அது சோம்பல் அல்ல. குழந்தையை அந்த நேரம் மாமியாரோ கணவரோ பார்த்துக்கொண்டால், அவருடைய படிப்பு வீணாகாது.

நமது ஜமாஅத்தில் கிளினிக், மருத்துவமனை நடத்துபவர்களுக்கும் இதைச் சொல்கிறோம்: குறித்த தேதியில் சம்பளம், வாரம் ஒரு நாள் ஓய்வு, நோயாளியின் உறவினர் சத்தம் போட்டால் நர்ஸின் பக்கம் நிற்கும் நிர்வாகம். இவற்றைத் தொடங்கப் பெரிய முதலீடு தேவையில்லை. இன்ஷா அல்லாஹ், நல்ல நர்ஸ் நம் ஊரிலேயே நிலைப்பார்.